பத்மாவின் கையில் விழாத தழும்பு

என் வீட்டுக்காரர் துலுக்கானம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டால் அந்த ஆளை நாலு சாத்து சாத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கே எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது. குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார். அவருக்கு இருந்த ஒரே குறை, யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்ல வராது. ஃபோர்மேன் சொன்னாலும் சரி என்பார், ஃபோர்மேனைத் திட்டுகிற யூனியன்காரர் சொன்னாலும் சரி என்பார். ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எதற்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

கொரட்டூர் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. என் பிறந்த வீட்டு ஜனமும் சரி, அவர் வீட்டு ஜனமும் சரி, அடுத்தவர் கழனியில் நாற்று நட்டே காலத்தை ஓட்டியவர்கள். அம்பத்தூரில் கம்பெனிகளுக்கென்று எஸ்டேட் வந்ததும் எங்கள் தெருவிலிருந்து முதலில் கம்பெனிக்குப் போனவர் இவர்தான். வேலை நிரந்தரமானபோது ஈ.எஸ்.ஐ. கார்டு கொடுத்தார்கள். அன்றைக்கு அவர் நடந்து வந்த நடையைப் பார்க்கவேண்டுமே. கழனியில் பாம்பு கடித்துச் செத்தால் ஆண்டை ஒரு வேட்டி வாங்கிப் போடுவார், அதோடு சரி. இப்போது காய்ச்சல் என்றால் டாக்டர், மருந்து, படுத்துக் கிடந்தால் பாதிச் சம்பளம். பெண்டாட்டி பிள்ளைக்கும் வைத்தியம். "நமக்கும் ஒரு கேள்வி மொற கீது பாரு கெங்கா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

எலெக்‌ஷன் முடிந்து ஆட்சி மாறின வருஷம் அது. பங்குனியில் பூந்தமல்லிப் பக்கம் பெரியம்மை வந்திருக்கிறது என்று பேச்சு வந்தது. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் புதிதாக வந்திருந்த வசந்தகுமாரி என்கிற டாக்டரம்மா, கம்பெனி கம்பெனியாக ஆள் அனுப்பி, குழந்தைகளை அழைத்துவந்து அம்மை ஊசி குத்திக்கொண்டு போங்கள் என்று சொல்லச் சொன்னார். எங்கள் பத்மாவுக்கு அப்போது மூன்று வயது. அவள் பிறந்த சமயத்தில் அம்மை குத்த வந்தவரைப் பார்த்ததும் என் மாமியார் அவளைக் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தத் தரம் விடக்கூடாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

"நல்லாக் கீற கொயந்திக்கு இன்னாத்துக்கு ஊசி?" என்றார் இவர். "சம்பளத்துல புடிக்கறது நோவு வந்தா பாக்கறதுக்கு. நோவே இல்லாத ஆளு டாக்டராண்ட போனா சிரிப்பான்."

"நோவு வராம இருக்கத்தான்யா அது. தாகம் எடுத்தப்பொறம் கெணறு வெட்டுவியா?"

"ஆத்தா வர்றது நோவாமே? ஆத்தாளாண்ட போயி ஈ.எஸ்.ஐ. கார்டக் காட்டுவியா நீ?"

இப்படிச் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே மெச்சிக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் குழம்புச் சட்டியை நங்கென்று இறக்கினேன். அந்தப் பேச்சு அவருடைய சொந்தப் பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். மணவாளன் பேச்சு அது.

மணவாளன் எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரர். லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை. பழைய நாளில் சாதுவான மனிதர்தான். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே கோடையில் அம்மை போட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வேலையை விட்டார், செவ்வேட்டி கட்டினார், வேம்புலியம்மன் கோயிலே கதி என்று ஆனார். அதுவரைக்கும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கொஞ்ச நாளில் அவரைச் சுற்றி வேலை வெட்டி இல்லாத இளவட்டங்கள் சேர்ந்தார்கள். ஆத்தாளுக்குத் தொண்டர் படை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அம்மை குத்த வந்தவருடைய சைக்கிளைப் பிடுங்கி ஏரியில் தள்ளினார்கள். குழந்தைக்கு ஊசி போட்ட ஒரு வீட்டுக்குக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. எந்த வீட்டில் ஊசி போகிறதோ அந்த வீட்டுக்கு ஆடிக் கூழ் கிடையாது, செத்தால் தூக்க ஆள் கிடையாது என்று கோயில் வாசலில் நின்று சொன்னார் மணவாளன்.

என் அம்மாவும் ஆத்தாளுக்குத் தீ மிதித்தவள்தான். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டாள், தாளிக்கமாட்டாள், வேப்பிலை செருகாமல் வாசல் தாண்டமாட்டாள். ஆனால் ஆத்தா பேரைச் சொல்லி அடுத்தவன் சைக்கிளை ஏரியில் தள்ளியதில்லை. பக்தி வேறு, இது வேறு. மணவாளனைப் பற்றி அப்போது எனக்கு வெறும் ஆத்திரம்தான் இருந்தது. இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. ஊசி நல்லது என்று அந்த மனிதர் ஒத்துக்கொண்டால், அவர் பிள்ளைகள் இரண்டும் வீணாகச் செத்தவை என்று ஆகிவிடும். அதை எந்தத் தகப்பனால் ஒத்துக்கொள்ள முடியும்? அதனால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது.

கடைசியில் இவரை நான் மடக்கியது சாமியை வைத்து இல்லை, சம்பளத்தை வைத்து.

"உனக்கு நோவுன்னா ஈ.எஸ்.ஐ.ல பாதிச் சம்பளம் தருவான். உம் பொண்ணுக்கு அம்மை போட்டா தருவானா?"

"தர மாட்டான். ஆளுக்கு நோவு வந்தாத்தான்."

"அம்மை போட்ட ஊட்டு ஆள உள்ள வுடுவாரா உங்க ஃபோர்மேன்?"

"வுட மாட்டாரு."

"அப்போ அம்மை எறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் இன்னாத்த துன்னுவோம்? ஊசி சும்மா போடறாங்கய்யா. காசா பணமா?"

தலையைச் சொறிந்தார். சரி என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மணவாளனிடமும் போய் ஒரு சரி சொல்லிவிட்டு வந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மணவாளன் அவருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்கள் தெருவில் கம்பெனிக்குப் போகிற பலபேருக்கும் சொல்லிக்கொடுத்த வழிதான். ஊசியைக் குத்திக்கொள்ளட்டும், சர்க்காருக்குச் சர்க்கார் கணக்கு. வெளியே வந்த கையோடு மஞ்சளும் வேப்பிலையும் வைத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்துவிட வேண்டும். ஆத்தாளுக்கு ஆத்தா கணக்கு. இரண்டு பேருக்கும் கோபம் வராது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மாவே பத்மாவைப் பிடித்துக்கொண்டு, மேல்கையில் சொட்டு மருந்து வைத்து, திருகு ஊசியால் திருகினார். குழந்தை வீரிட்டு அழுதாள். கார்டு இவர் பெயரில் இருந்ததால் டாக்டரம்மா பேசியதெல்லாம் இவரிடம்தான். நான் என் இருமலுக்கு மருந்து வாங்க ஜன்னலில் நின்ற வரிசைக்குப் போய்விட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவர் வெளியே போனார். நான் பாட்டிலோடு வந்தபோது காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். பத்மா தேம்பிக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் பூசியிருந்தது.

"இன்னாய்யா இது?"

"எரியுதுன்னுச்சு. மஞ்சா வெச்சேன். குளுச்சி."

குழந்தை மேல் இவ்வளவு கரிசனமா என்று என் மனசு குளிர்ந்துபோனது. என் முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல. வழியில் பத்மாவுக்கு ஐஸ் குச்சி வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பவேண்டும், கிளம்பாவிட்டால் திரும்ப அழைத்து வா என்று டாக்டரம்மா இவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் அதை என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது நினைவு தெரியாத வயதில், அது எப்படி ஆறியது என்று நான் கண்டேனா? பத்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. என் பெண் கெட்டிக்காரி, ஊசியையும் தாங்கிவிட்டாள் என்று குழாயடியில் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

சித்திரையில் காட்டுப்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. என் தங்கை கன்னியம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, பார்க்க ஆள் இல்லை, அவள் புருஷன் பயந்துகொண்டு பூந்தமல்லியில் அவன் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டான் என்று. எனக்கு அவளை விட்டால் கூடப்பிறந்தவள் வேறு யாரும் இல்லை. எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை குத்தியிருக்கிறது, பயமில்லை. பத்மாவை என்ன செய்வது? இவர் ஷிப்டுக்குப் போனால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது.

"பத்மாவ இட்டுகினு போவட்டா?" என்று கேட்டேன். "ஊசிதான் போட்டாச்சே."

அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதுதான் இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. ஒரு விநாடி முகம் மாறியிருந்தால்கூட நான் கண்டுபிடித்திருப்பேன்.

"இட்டுகினு போ கெங்கா. ஊசியும் போட்டாச்சு, ஆத்தா மன்சும் குளுந்துகீது. நம்ம கொயந்திக்கு ரெண்டு காவலு" என்றார்.

அதை அவர் நம்பினார். சத்தியமாக நம்பினார். உள்ளுக்குள் சந்தேகம் இருந்திருந்தால் பயந்துபோய்த் தடுத்திருப்பார்.

கன்னியம்மா பிழைத்தாள். முகம் முழுக்கக் குழி விழுந்தது, ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நான் இளநீர் கொடுக்கும்போது பத்மா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருப்பாள். "சித்திக்கு அரிக்கிதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகு நாங்கள் கொரட்டூருக்குத் திரும்பினோம்.

வீடு வந்து கொஞ்ச நாளில் பத்மாவுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. முதுகு வலிக்கிறது என்று அழுதாள். மூன்று வயதுக் குழந்தை முதுகு வலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு முகத்தில் முத்து முத்தாகக் கிளம்பியது, கையில், உள்ளங்காலில்கூட. இது பெரியம்மை இல்லை, ஊசி போட்ட குழந்தைக்கு எப்படி வரும், வேர்க்குருவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காட்டுப்பாக்கத்தில் பார்த்துவிட்டு வந்த கண்களுக்கு அது என்னவென்று தெரியாமலா இருக்கும்? மனசுதான் கேட்கமாட்டேன் என்றது.

வாசலில் வேப்பிலை செருகினேன். ஆத்தாளைக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு இவரை டிஸ்பென்சரிக்கு விரட்டினேன். இவர் போனார். நான் சொன்னதற்குச் சரி என்றுவிட்டாரே, போகத்தானே வேண்டும்.

டாக்டரம்மா ஆள் அனுப்பவில்லை, தானே வந்தார். தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் சொல்லியிருப்பதாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து பாய்க்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். பத்மாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த கையைப் பார்த்தார். மறுபடியும் முதல் கையைப் பார்த்தார்.

"நான்தானே இந்தக் குழந்தைக்குப் போட்டேன்? தழும்பே இல்லையே. கொப்புளம் வந்துச்சா?"

"இன்னா கொப்பளம் டாக்டரம்மா?" என்றேன் நான்.

டாக்டரம்மா இவரைத் திரும்பிப் பார்த்தார். "வரலைன்னா கூட்டிட்டு வான்னு உங்ககிட்டதானேப்பா சொன்னேன்?"

இவர் கதவு ஓரத்தில் நின்றிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வேப்பிலையால தொடச்சிட்டேம்மா. வெளிய போனதும்."

"எவ்வளவு நேரத்துல?"

"அப்பவே. நல்லா அய்த்தித் தொடச்சேன். ஆத்தா கோச்சுக்கக் கூடாதுன்னு."

டாக்டரம்மா பத்மாவின் கையைப் பாயில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம். எனக்குக் காட்டுப்பாக்கம் கண்ணில் வந்தது. வேப்பங்கொத்தும் கையுமாகக் கன்னியம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என் குழந்தை கண்ணில் வந்தாள். "நீ தொடச்சதச் சொல்லியிருந்தா நான் இட்டுகினு போயிருக்க மாட்டனேய்யா" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

வேன் தெருமுனைக்கு வந்தது, உள்ளே வரவில்லை. மணவாளனும் அவர் ஆட்களும் குறுக்கே நின்றார்கள். ஆத்தா இறங்கின வீட்டிலிருந்து பிள்ளையை வெளியே எடுத்தால் தெருவே அழிந்துபோகும் என்றார்கள். டாக்டரம்மா போய்ப் பேசினார். ஒருவன் அவர் காலடியில் கல்லை எறிந்தான். நான் வாசலில் நின்று இவரைப் பிடித்து உலுக்கினேன். "போயி வயி வுடச் சொல்லுய்யா. உனக்கு வேண்டிய ஆளுதான அது, சொல்லு." இவர் தெருவில் பாதி தூரம் போனார். மணவாளன் இவர் தோளில் கை வைத்து என்னவோ சொன்னார். இவர் தலையாட்டினார். திரும்பி வந்துவிட்டார். டிரைவர் வேனைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான்.

போலீசோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன டாக்டரம்மா போலீசோடுதான் வந்தார். அதற்குள் விடிந்திருந்தது, பத்மாவுக்கு விடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் அவரையே கேட்டேன். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "வந்த பிறகு இதுக்கு மருந்து இல்லைம்மா. கூட இருந்து பார்த்துக்கலாம், அவ்வளவுதான். வராம தடுக்கத்தான் முடியும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மை கண்டு போன பிள்ளைக்கு எங்களில் அழுகிற வழக்கம் இல்லை. ஆத்தா தன்னோடு அழைத்துக்கொண்டாள் என்று வேப்பிலை பரப்பிப் புதைப்பார்கள். மேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது. இவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு ஓ என்று அலறினார். மணவாளன் வாசலில் வந்து நின்று, "துலுக்கானம், அயக்கூடாது. ஆத்தாளுக்கு ஆவாது" என்றார்.

"சரிண்ணே" என்று இவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. எழுந்து வாசலுக்குப் போனேன். "எம் பொண்ணுக்கு நான் அயுவேன். உம் புள்ளைங்களுக்கு நீ அயுதிருந்தா இன்னிக்கு இங்க வந்து நிக்க மாட்ட. போய்யா" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. திரும்பி நடந்துவிட்டார். நான் தெரு கேட்க அழுதேன். என் குரல் போகிற வரைக்கும் அழுதேன். ஆத்தாளுக்குக் கோபம் வந்திருந்தால் வரட்டும், அவளும் பிள்ளை பெற்றவள் என்றுதானே சொல்கிறார்கள்.

அந்த ஆடியில் எங்கள் வீட்டுக்குக் கூழ் வந்தது. நான் வாங்கவில்லை. இவர் கம்பெனிக்குப் போவார், வருவார், சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். நான் அவரோடு பேசுவது உப்பு புளிக்கு மட்டும் என்று ஆனது. விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். அதற்குள் வயிற்றில் மாதம் ஏறிக்கொண்டிருந்தது.

தையில் பையன் பிறந்தான். உடம்பு தேறியதும் அவனைத் தூக்கிக்கொண்டு நானே டிஸ்பென்சரிக்கு நடந்தேன். இவர் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கொடுக்கவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டு முடிக்கும் வரைக்கும் உள்ளே வராமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகும் பையனை நான் கீழே விடவில்லை. குளிக்கப் போனால்கூடப் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருக்க, பிள்ளையை அயல்வீட்டில் கொடுக்கிறேன் என்று தெரு பேசியது. இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இராத்திரி நான் சுவர்ப்பக்கம் பையனைப் போட்டு அணைத்துக்கொண்டு படுப்பேன், இவர் எட்டிப் பார்ப்பார்.

கொப்புளம் கிளம்பியது. பையன் இரண்டு நாள் காய்ந்தான், சிணுங்கினான். பிறகு காய்ச்சல் விட்டது, கொப்புளம் கருத்துப் பக்கு கட்டியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிடித்துவிட்டது, இனி பயமில்லை என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், பையனைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். எங்கே பட்டுவிடுமோ என்று இரண்டு கையையும் குழந்தைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, குனிந்து அந்தப் பக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புளியங்கொட்டை அளவுகூட இருக்காது.

"இவ்ளோதானா கெங்கா?" என்றார்.

"ஆமாய்யா" என்றேன். "இவ்ளோதான்."